முகட்டில் ஏழு வரிகள்

முப்பத்துமூன்று வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஆனால் கடதாசியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒட்டுப்படலத்தின் பசையும் அதைத் துடைக்கும் திரவமும் என் கைத்தோலுக்கு ஒத்துவரவில்லை. கையுறை போட்டேன், களிம்பு மாற்றினேன், விடுமுறை எடுத்தேன். கடைசியில் தோல் வைத்தியர், இந்தத் தொழிலைத் தொடரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ஜேர்மனியின் ஆஹென் நகரில் ஓர் அலுவலகத்தில் கணினிமுன் இருந்து இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் கீறுகிறேன். அது வேறு தொழில். என் தொழில் என்றால் கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் எழுத்து வெட்டி ஒட்டுவதுதான்.

நான் விட்டு வந்த வுப்பர்டால் நகரத்துப் பட்டறையில் பயிற்சி பெறும் இரண்டு பெண்கள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். அங்கே எழுத்து வெட்டுவது குறைந்துவிட்டதாம். எல்லாவற்றையும் அகலமான அச்சு இயந்திரத்தில் ஒரே படமாக அடித்து ஒட்டிவிடுகிறார்களாம். "நீங்கள் செய்ததில் கடினமான வேலை எது?" என்று கேட்டார்கள். ஏதாவது உயரமான கட்டடத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் ஏழு வரிக் கவிதை ஒன்றைச் சொன்னேன். இருவரில் ஒருத்தி எங்கள் தமிழ்ப் பிள்ளை. "அக்கா, இதைத் தமிழில எழுதித் தாங்கோ. அம்மா வாசிப்பா" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழில்நுட்பப் பாடசாலை முடித்து, அவுஸ்பில்டுங் என்று இங்கே சொல்லும் தொழிற்பயிற்சியில் சேர்ந்தேன். முதல் வருடம் கூட்டினேன், துடைத்தேன், எழுத்துகளைச் சுற்றியுள்ள மிச்சப் படலத்தை ஊசியால் உரித்தேன். இரண்டாம் வருடம் வெட்டும் இயந்திரம் தந்தார்கள். மூன்றாம் வருடம் ஏணி.

பட்டறைப் பொறுப்பாளர் ஃப்ராவ் பெக்கர், நம் வழக்கில் திருமதி பெக்கர். உயரமானவர், சத்தம் போடாதவர். என்னைப் பெயர் சொல்லி 'நீங்கள்' என்று அழைப்பார். சுவரைத் துடைத்த பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். சவர்க்கார வாசம் இருந்தால் மறுபடி துடைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் எழுத்துப்பிழை பார்ப்பது அவர் வகுத்த முறையில்தான். வெட்டுவதற்கு முன் கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துவரை, வலமிருந்து இடமாக, ஓர் ஆள் சொல்ல மற்றவர் மூலப்பிரதியில் சரிபார்ப்பார். "வாசித்தால் மூளை தானாகத் திருத்திக்கொள்ளும். ஆகவே வாசிக்காதீர்கள், பாருங்கள்" என்பார். பல் வைத்தியரின் கதவு, மீன் கடை, வழக்கறிஞர் பலகை எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தோம். எழுத்தின் உயரம், இடைவெளி, எத்தனை அடி தூரத்தில் நிற்பவருக்குத் தெரியும் என்பவை எனக்கு மனப்பாடம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பல வேளைகளில் தெரியாது.

எசன் நகரில் ஒரு வைத்தியசாலையிலிருந்து அந்த வேலை வந்தது. அயர்லாந்துக் கவிஞர் ஒருவர் ஒரு வருட உதவித்தொகையில் எசன் இருக்கும் ரூர் பகுதிக்கு வந்திருந்தார். அறுபதை நெருங்கிய பெண். கத்தரித்த நரைமுடியும் மழைச்சட்டையுமாக வந்தார். இளவயதில் கோடை விடுமுறைகளில் வட ஜேர்மனியில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார். அவருடைய ஜேர்மன் மொழி அங்கே படித்தது. மரியாதைச் சொற்கள் குறைவு, ஆனால் எல்லாம் தெளிவாக விளங்கும்.

அவருடைய கதையை வேலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னார். மேற்குக் கரையில் சின்னத் துறைமுக ஊர். சஞ்சிகைகள் அவர் கவிதைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒருநாள் படகு இறக்கும் சரிவில், தண்ணீர் வற்றும்போது மட்டும் தெரியும்படி, நாலு வரியைப் படகுப் பூச்சால் எழுதினார். ஊராட்சியில் அழிக்கச் சொன்னார்கள். மீனவர்கள் அழிக்க விடவில்லை. பிறகு பேருந்துத் தரிப்பிடங்கள், உடுப்புத் தோய்க்கும் கடை, நூலகப் படிகள், ஒரு சிறைச்சாலையின் நடைமுற்றம் என்று போனது. புத்தகங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. அவையும் மெல்லியவை.

"புத்தகத்தைத் திறப்பவர் விரும்பித் திறக்கிறார். சுவரைப் பார்ப்பவருக்கு அந்தத் தெரிவு இல்லை. பேருந்துக்கு நிற்பவருடைய கண்ணை நான் கேட்காமல் எடுத்துக்கொள்கிறேன். அதனால் ஒட்டிவிட்டு அங்கேயே நிற்பேன். ஆட்கள் முகத்தைப் பார்ப்பேன்" என்று ஒருமுறை சொன்னார்.

அதுதான் அவருடைய நிபந்தனை. எதையும் நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் முழு அளவில் ஒரு சோதனை ஒட்டல் வேண்டும். அதுவும் விடுமுறை நாளில் அல்ல, அந்த இடம் வழமைபோல இயங்கும் நாளில்.

வைத்தியசாலை அவருக்குக் கொடுத்த இடம், சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகும் நடையின் முகடு, தலைக்கு மேலுள்ள உட்கூரை. படுக்கையில் தள்ளிக்கொண்டு போகப்படுபவர்கள் பார்ப்பதற்காக. முகட்டில் எழுத்து ஒட்டுவது எங்களுக்குப் புதிது. சுவரில் மேல் எது, கீழ் எது என்பதில் சந்தேகம் வராது. முகட்டுக்கு மேலும் கீழும் இல்லை. வரைபடத்தை மேசையில் வைத்து நானும் ஃப்ராவ் பெக்கரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் அவர் ஒரு வெற்றுப் படுக்கையைக் கேட்டு வாங்கினார். "சப்பாத்தைக் கழற்றுங்கள் சுகந்தி. ஏறிப் படுங்கள்."

படுத்தேன். அவர் தலைமாட்டில் நின்று தள்ளினார். நோயாளரைக் கால் முன்னே போகத்தான் தள்ளுவார்கள். ஆகவே முகட்டில் உள்ளவை எல்லாம் கால்பக்கத்திலிருந்து எழும்பி வந்து தலைக்குப் பின்னால் போய் மறையும். முதல் வரி நடையின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், எழுத்துகளின் தலை நாம் வந்த பக்கம் பார்க்க வேண்டும். இது விளங்கிய பிறகு இன்னொன்றும் விளங்கியது. தள்ளும்போது எதையும் வாசிக்க முடியாது. விளக்குகள் கண்ணில் அடிக்கின்றன, சில்லுகள் ஆடுகின்றன. கூடத்தின் கதவுக்கு முன்னால் படுக்கையை நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து அழைக்கும்வரை காத்திருக்கும் ஒரு சின்ன இடம் இருந்தது. அங்கேதான் வாசிக்க நேரம் இருந்தது. கவிஞரும் ஏறிப் படுத்துப் பார்த்தார். இறங்கி வந்து, பதினெட்டு வரியாக இருந்ததை அந்தச் சின்ன இடத்து முகட்டுக்குள் அடங்கும்படி ஏழு வரியாக வெட்டினார். வெட்டியது அவருக்கு வலித்திருக்கும். முகத்தில் தெரியவில்லை.

ஏழு வரியையும் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துவரை நானும் ஃப்ராவ் பெக்கரும் சரிபார்த்தோம். பிழை இல்லை. இலகுவில் உரியும் சோதனைப் படலத்தில் வெட்டி, ஒவ்வொரு வரியையும் ஒளிபுகும் ஒரே பட்டையில் சேர்த்தேன். ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், அந்த நாளின் வேலை தொடங்குமுன் ஒட்டி முடித்தோம். வைத்தியசாலை நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். திறப்புவிழா அழைப்பிதழின் மாதிரியையும் கையில் வைத்திருந்தார். கவிதையின் கடைசி வரி அதில் பெரிதாகப் போட்டிருந்தது. அந்த வரிக்காகத்தான் இயக்குநர் இந்தக் கவிதையைத் தெரிந்தெடுத்தார் என்று எங்களுக்குச் சொன்னார்.

முதலில் வந்தவர் ஒரு முதியவர். கண்ணை மூடியபடியே உள்ளே போனார். அடுத்து வந்த இளம்பெண் வாசித்துவிட்டு மெல்லச் சிரித்தாள். கவிஞர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக வந்த படுக்கையில் இருந்தவர் எங்கள் ஆள், ஒரு தமிழ்ப் பெண். பச்சைத் தொப்பிக்குள் முடி எல்லாம் போயிருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஐம்பது வயது வரும். தாதி படுக்கையை நிறுத்தியதும் அவர் மேலே பார்த்தார். பார்த்தவர் எழும்பி முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"இது என்ன?" என்று ஜேர்மனில் தாதியைக் கேட்டார்.

"ஒன்றுமில்லை. சும்மா ஒரு கவிதை. படுங்கள்."

அவர் படுக்கவில்லை. தனக்குத்தானே தமிழில் சொன்னார்: "சும்மா ஒண்டை ஆர் ஆஸ்பத்திரி முகட்டில ஒட்டுவினம்? மகன் வாசிச்ச கடுதாசியில இது இல்லை."

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் விளங்கும். பெற்றோர் அகதிகளாக வந்து இறங்கிய நாளிலிருந்து, பெரிய கறுப்பு எழுத்தில் ஜேர்மன் மொழியில் எது வந்தாலும் அது நம்மிடம் எதையோ கேட்கும். பதில் போடாவிட்டால் ஏதோ ஒன்று போய்விடும். பிள்ளைகள் பாடசாலையால் வந்து வாசித்துச் சொல்லும்வரை அம்மாமார் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றிச் சமைப்பார்கள். இந்த அம்மாவுக்குத் தலைக்கு நேரே அப்படி ஒரு கடிதம். வாசித்துச் சொல்ல மகன் பக்கத்தில் இல்லை.

"அக்கா, நான் தமிழ்" என்றேன் ஏணிக்குக் கிட்ட நின்று.

"ஆண்டவரே! பிள்ளை, இஞ்ச வா. இது என்ன கேக்குது? இதுக்கும் கையெழுத்து வைக்கோணுமோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் கேக்கேல்லை."

"கேக்காமல் ஏன் எழுதுவான்? எனக்கு விளங்காததுக்குக் கீழ கிடந்து உள்ளுக்குப் போக ஏலாது. சொல்லிப்போடு."

தாதி மணிக்கூட்டைப் பார்த்தார். "இவருடைய சத்திரசிகிச்சை ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப் போனது. உள்ளே கூப்பிடும்போது போகாவிட்டால் அடுத்தவரை எடுப்பார்கள்" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். இதயத்தின் வால்வு ஒன்றில் கோளாறாம். தள்ளிப்போடக்கூடிய நிலை தாண்டிவிட்டது. நிர்வாகத்தவர் என்னிடம் அல்ல, கவிஞரிடம் சொன்னார்: "ஒரு நோயாளி பயந்து திரும்பினார் என்றால் நான் இதை முகட்டில் விடமுடியாது." கவிஞர் அவரைப் பார்க்கவேயில்லை. "மொழிபெயருங்கள்" என்றார் என்னிடம்.

நான் மேலே பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தையும் நான் வெட்டியிருந்தேன், உரித்திருந்தேன், கையால் அழுத்தி ஒட்டியிருந்தேன். அந்தக் கவிதையை அந்த நேரத்தில்தான் முதன்முதலாக வாசித்தேன்.

"'மேல பாக்கிற ஆளே' எண்டு தொடங்குது அக்கா."

"நான்தானே. சரி."

"'இந்த வெள்ளைக்கு மேல இன்னொரு மாடி இருக்கு. அதுக்கு மேல கூரை. கூரையில ஒரு காகம் நடக்குது. அதுக்கு உன்ர பேர் தெரியாது.'"

"காகமோ?" அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. "இஞ்ச வந்தும் காகம். பிறகு?"

"'உன்ர பேர் உன்ர கையில கட்டியிருக்கு. அதை ஆரோ ரெண்டு தரம் வாசிப்பினம்.'"

அவர் தன் மணிக்கட்டில் இருந்த பிளாஸ்ரிக் பட்டியைத் திருப்பிப் பார்த்தார். "வாசிச்சவை. றோஸ்லின் எண்டதைச் சரியாத்தான் வாசிச்சவை. அந்தோனிப்பிள்ளையிலதான் மூச்சு வாங்கினவை. ரெண்டு தரமில்லை, நாலு தரம்."

கவிஞர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார், றோஸ்லின் அக்காவும் சிரித்தார். தாதிகூடச் சிரித்தார்.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் ஒரு வரி." நான் அதைப் பார்த்தேன். "'இதே வழியால நீ திரும்பி வருவாய்.'"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அந்த வரியை விரலால் காட்டினார்.

"இதை ஆர் சொல்லுறது?"

"அந்தா, அவதான் எழுதினவ. அயர்லாந்துக் கவிஞர்."

"டொக்டரோ?"

"இல்லை அக்கா."

"நேற்று டொக்டர் வந்து கதிரையில இருந்து, வராமலும் போகலாம் எண்டு ஆறுதலாச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனவர். மகன் அதைச் சொல்லேக்க அவன்ர குரல் நடுங்கினது. இவ எப்பிடி வருவாய் எண்டு எழுதலாம்? ரெண்டில ஒண்டு பொய். டொக்டர் பொய் சொல்ல மாட்டார்." குரலில் கோபம் இல்லை. கடையில் மீதிக் காசைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னார். "மற்றதெல்லாம் நல்லாயிருக்கு பிள்ளை. காகம் நல்லாயிருக்கு. ஆனா பொய்யுக்குக் கீழால என்னைக் கொண்டுபோக வேண்டாம் எண்டு சொல்லு."

ஒரு சொல்லும் விடாமல் ஜேர்மனில் சொன்னேன். நிர்வாகத்தவர் வாயைத் திறந்தார். கவிஞர் அவரை முந்திக்கொண்டார். "அவர் சொல்வது சரி. எழுதும்போதே எனக்குத் தெரியும், அது கவிதை கேட்ட வரி இல்லை, நீங்கள் கேட்ட வரி. கழற்றுங்கள்."

"அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது."

"அழைப்பிதழுக்குக் கீழே ஒருவரும் படுப்பதில்லை."

நான் ஃப்ராவ் பெக்கரைப் பார்த்தேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்ற பேச்சில் அவர் ஒருநாளும் தலையிட்டதில்லை. அன்றும் தலையிடவில்லை. ஏணியைத் தூக்கிக் கடைசி வரிக்கு நேரே வைத்தார், தாதியிடம் படுக்கையை ஒரு சாண் பின்னுக்கு எடுக்கச் சொன்னார், ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன். படலத்தை எப்போதும் ஓரத்தில் தொடங்கி, தட்டையாக மடக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும், எழுத்தெழுத்தாகச் சுரண்ட வேண்டிவரும். வரியின் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துவரை ஒரே இழுப்பில் வந்தது. கையில் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

றோஸ்லின் அக்கா தலையணையில் சாய்ந்தார். "இப்ப சரி. தள்ளச் சொல்லு." கதவு திறந்தபோது தலையைத் திருப்பி, "வாறன் பிள்ளை" என்றார். போகும்போது நாங்கள் எல்லோரும் சொல்லும் சொல்தான். கையில் சுருட்டிய வரியோடு நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாட்களில் பட்டறைக்கு வைத்தியசாலையிலிருந்து இரண்டு தடவை தொலைபேசி வந்தது. ஏழு வரியும் வேண்டும், ஒப்பந்தத்தில் ஏழு வரி என்றார்கள். ஃப்ராவ் பெக்கர் இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார்: "எழுதியவர் கையெழுத்திட்டுத் தரும் பிரதியைத்தான் நாங்கள் வெட்டுவோம்." கவிஞர் ஆறு வரிக்குத்தான் கையெழுத்திட்டார். வேண்டாமென்றால் முழுவதையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றும் எழுதினார். அவருக்கு அந்த வருடத்தின் பெரிய வேலை அது.

எனக்கு இதெல்லாம் இரண்டாவது கவலையாக இருந்தது. அந்த அக்கா என்ன ஆனார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்டாலும் சொல்லமாட்டார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அளவெடுக்க வந்தேன் என்ற சாட்டில் எசனுக்குப் போனேன். இதயப்பிரிவின் நடையில் மெதுவாக நடந்தேன். மூன்றாவது கதவால் ஒரு குரல் கேட்டது. "என்ன இது, உப்புமில்லை புளியுமில்லை. நாளைக்கு வரேக்க ஒரு ஊறுகாய்ப் போத்தல் கொண்டுவா." அடித்தொண்டையால் வந்த குரல்தான், ஆனால் ஆள் அவர்தான். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"தம்பி, இந்தப் பிள்ளைதான். நான் சொன்னனே, காகக்காரி." மகன் எழும்பித் தன் கதிரையைத் தந்தான்.

"எப்பிடி இருக்கிறியள் அக்கா?"

"நெஞ்சு கிழிச்சுத் தைச்சிருக்கினம், எப்பிடி இருக்கும்? இருமினால் உயிர் போகுது." கொஞ்ச நேரம் மூச்சு எடுத்தார். "அண்டைக்குக் கழட்டினியே ஒண்டு, அதை இன்னொருக்காச் சொல்லு."

"எதை?"

"திரும்பி எண்டு ஏதோ."

"'இதே வழியால நீ திரும்பி வருவாய்.'"

"'இதே வழி' பிழை. வேற பக்கத்தாலதான் கொண்டு வந்தவை எண்டு தம்பி சொல்லுறான்." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மற்றது இப்ப சரி."

அன்று பின்னேரம் கவிஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். றோஸ்லின் அக்கா சொன்னதைச் சொன்னேன். கவிஞர் கேட்டார்: "அவர்கள் எங்கே கண் விழிக்கிறார்கள்?"

நான் நடையின் அமைப்பை நினைவில் வரிசையாக ஓட்டினேன். காத்திருக்கும் இடம், கதவு, கூடம், அதற்கு அப்பால் கண்விழிப்பு அறை. அங்கே முகடு வெறும் வெள்ளை. "அந்த அறையில் அதை வாசிக்கக்கூடியவர் யாராக இருந்தாலும், அவர் திரும்பி வந்தவராகத்தான் இருப்பார்" என்றேன்.

"அங்கே அது பொய்யாக வழியில்லை" என்றார் கவிஞர்.

புதிய பிரதி அடுத்த நாளே வந்தது. 'இதே வழியால்' போய்விட்டது. வருவாய் என்பது மாறியிருந்தது: நீ திரும்பி வந்திருக்கிறாய். நிர்வாகத்தவருக்கு வரி கிடைத்த திருப்தி. அழைப்பிதழைத் திரும்ப அடித்தார்கள்.

நிரந்தரப் படலத்தை ஒட்டப் போன காலையில் முதலில் ஆறு வரியை முடித்தோம். கண்விழிப்பு அறையில் படுக்கைகள் எப்படி நிறுத்தப்படும் என்று தாதியிடம் கேட்டு, ஒவ்வொரு படுக்கைக்கு மேலும் அந்த ஒரு வரியை ஒட்டினோம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தேன், மயக்கம் தெளியும் கண்ணுக்கு. சாமான்களைப் பெட்டியில் அடுக்கி முடிப்பதற்குள் முதல் நோயாளியைக் கொண்டுவந்துவிட்டார்கள். பெருத்த உடம்புள்ள ஒரு மனிதர், வாய் காய்ந்து வெளுத்திருந்தது. நாங்கள் ஏணியோடு வாசலில் ஒதுங்கி நின்றோம். அவர் கண்ணைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். மேலே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார். ஒரு வரியை வாசிக்க அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

தாதி குனிந்தார். "ஏதாவது சொன்னீர்களா?"

"ஆம்" என்றார் அவர், முகட்டுக்குப் பதில் சொல்வதுபோல. "வந்துவிட்டேன். தாகமாக இருக்கிறது."